அவள் ஒருமுறை சொன்னாற் போதும்

(காலபோக விதைப்புக்கு முன்னர், வன்னிக் கிராமமொன்றில் கமக்காரரும் ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



காணியையும் நீரையும் மொழியையும் பற்றிப் பலமுறை உங்கள்முன் பேசியிருக்கின்றோம். இன்று பேசவிருக்கும் பொருளோ, சபையிற் பேசத்தகாதது என்று நெடுங்காலமாக ஒதுக்கிவைக்கப்பட்டது. பாலியல் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண், அல்லது ஒரு பிள்ளை, உதவி தேடி வரும்பொழுது அவளை நாம் எவ்வாறு எதிர்கொள்கின்றோம் என்பதே அப்பொருள். பேசத்தகாதது என்று நாம் வாய்மூடியிருந்த காலமெல்லாம் பயனடைந்தவர் யார்? அவளா? இல்லை. குற்றஞ் செய்தவனே பயனடைந்தான். ஆகையாற் பேசுவோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். 'கற்பழிப்பு' என்று எமது பத்திரிகைகளும் எமது நியாயவாதிகளும் நெடுநாள் வழங்கிவந்தோம். களவு கொடுத்தவனை நேர்மை அழிந்தவன் என்று எவரும் கூறுவதில்லை. வழிப்பறிக்கு ஆளானவனை மானம் அழிந்தவன் என்று எவரும் தூற்றுவதில்லை. இக்குற்றம் ஒன்றில் மாத்திரம், பாதிக்கப்பட்டவளிடமிருந்து ஏதோ அழிந்துவிட்டதாகச் சொல்லமைத்தோம். அவளிடம் அழிந்தது எதுவும் இல்லை. வல்லுறவு என்றே இனிச் சொல்லுவோம். அச்சொல்லிற் குற்றம் செய்தவன்மீதே நிற்கின்றது.

எட்டு வாசல்கள்

பல வழக்குகளில் நாம் கண்டவற்றைப் பெயரும் ஊரும் நீக்கி, ஒன்றாகச் சேர்த்து உங்கள்முன் வைக்கின்றோம். ஓர் இளம்பெண் மாலைப்பொழுதில் வயலிலிருந்து வீடு திரும்புகின்றாள். அவளுக்கு அறிமுகமான ஒருவனே அவளை வழிமறிக்கின்றான். வீடு வந்தவள் இரவெல்லாம் பேசவில்லை. விடிந்ததும் தாயிடம் சொல்லுகின்றாள். தாய் அவளைக் குளிக்கவார்த்து, உடுத்த உடையைத் துவைத்துப் போடுகின்றாள். தாயன்பு அது, ஆயினும் சான்றுகள் அத்தண்ணீரோடு போயின.

பகலில் உறவினர் கூடி ஆலோசித்து, அவளைக் கிராம அலுவலரிடம் அழைத்துச் செல்லுகின்றனர். அங்கே மீண்டும் சொல்லுகின்றாள். அவர் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்புகின்றார். வாசல் மேசையில் இருப்பவர் பலர் காதுபடக் கேட்கின்றார். மூன்றாம் முறை சொல்லுகின்றாள். பெண் உத்தியோகத்தர் கடமையில் இல்லை. நாளை வரும்படி சொல்லப்படுகின்றது. மறுநாள் நான்காம் முறை. வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடம் ஐந்தாம் முறை. சட்டவைத்திய அதிகாரி வேறொரு வைத்தியசாலையில் இருக்கின்றார். அங்கே ஆறாம் முறை. நீதவான் முன் ஏழாம் முறை. ஆண்டுகள் பல கழிந்து, அவள் மணமாகிக் கையிற் குழந்தையோடு நிற்கும் காலத்தில், மேல் நீதிமன்றில் எட்டாம் முறை.

எட்டு வாசல்கள், எட்டுமுறை அதே துன்பம். ஒரே நிகழ்ச்சியை எட்டுமுறை, எட்டு மனநிலையில், எட்டு மனிதரிடம் சொல்லும்பொழுது சொற்கள் சிறிது வேறுபடாவோ? மணி ஆறா ஆறரையா, சட்டை நீலமா பச்சையா என்பன மாறுபடும். அம்மாறுபாடுகளை எதிரி தரப்பு நியாயவாதி ஒவ்வொன்றாக எடுத்து, வீ 1, வீ 2, வீ 3 என்று அடையாளமிடுவார். அவ்வாறு அடையாளமிட்டவர்கள் எமது தொழிலைச் சேர்ந்தவர்களே என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. எதிரிக்கும் நியாயவாதி வேண்டும்; அது நீதியின் இலக்கணம். ஆனால் முரண்பாடுகளை உற்பத்தி செய்தது அவளுடைய பொய்யன்று, எட்டு வாசல்களை அமைத்த ஒழுங்கே என்பதை நீதிமன்றுக்கு எடுத்துச் சொல்ல அவள்பக்கம் எவரும் இருப்பதில்லை.

இந்த எட்டுப் பேரில் ஒருவரையும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். ஆயின் ஒருவர் செய்வதை மற்றவர் அறியார். நீதி தவறி விழுவது அவர்கள் கைகளுக்கு இடையேயுள்ள வெளியிலேதான்.

கமக்காரர் அறிந்த பாடம்

இதற்கு மாற்று யாது? கமக்காரப் பெருமக்களே, அதனை நீங்கள் எமக்குக் கற்பிக்கலாம். இரணைமடுக் குளத்து நீரை எந்தக் கமக்காரனாவது தன் எண்ணப்படி திறப்பதுண்டோ? போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை வகிக்க, நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநலசேவை உத்தியோகத்தரும் வங்கியாரும் கமக்காரர் அமைப்புக்களும் ஒரே மண்டபத்தில் அமருகின்றனர். எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பது, கால்நடைகளை எப்பொழுது அகற்றுவது என்பன தீர்மானமாகின்றன. எந்த வாய்க்காலுக்கு எந்த வட்டவிதானை பொறுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வந்தபின் கூடிப் பேசுவார் யாருமிலர்.

வல்லுறவுக்கு ஆளானவளுக்காகவும் அத்தகைய கூட்டமொன்று முன்கூட்டியே கூடவேண்டும் என்பதே இன்று நாம் சொல்லவந்த ஒரே செய்தி. பொலிஸார், வைத்தியர், சட்டவைத்திய அதிகாரி, உளவளத்துணை உத்தியோகத்தர், நியாயவாதி, கிராமத்து மாதர் ஆகிய அனைவரும் ஒரு குழுவாக, யார் எதைச் செய்வது, எந்த வரிசையிற் செய்வது என்று எழுத்தில் உடன்பட்டிருத்தல் வேண்டும். அவள் எந்த வாசலைத் தட்டினாலும் அதே குழு அவளிடம் வரவேண்டும். அவள் எட்டு இடம் அலையும் நிலை ஒழியவேண்டும்.

72 மணித்தியாலங்கள்

ஏன் முன்கூட்டியே என்று கேட்பீர்கள். காலம் குறுகியது. உடலிலிருந்து பெறத்தக்க சான்றுகள் பெரும்பாலும் முதல் 72 மணித்தியாலங்களுள் எடுக்கப்படவேண்டும். மணிக்கு மணி அவை அருகும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து 72 மணித்தியாலங்களுள் தொடங்கப்பட்டு 28 நாட்களுக்குக் கொடுக்கப்படவேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரை எவ்வளவு முந்துகின்றதோ அவ்வளவுக்குப் பயன் தரும்; ஐந்து நாள் கடந்தாற் பயனில்லை. எமது நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்தையன்றி வேறெக்காரணத்துக்கும் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. வல்லுறவும் அதற்கு விதிவிலக்கன்று. ஆகவே உறவினர் கூடி ஆலோசித்து இழந்த மூன்று நாட்கள், ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிடலாம்.

ஆதலின் தாய்மார்களே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். பரிசோதனைக்கு முன்னர் அவளைக் குளிக்கவார்க்க வேண்டாம். உடுத்திருந்த உடையைத் துவைக்காமற் கடதாசிப் பையில் இடுங்கள். பொலித்தீன் பையில் இடவேண்டாம். ஈரம் உலராத நெல்லைக் கட்டிவைத்தாற் பூஞ்சணம் பிடிப்பதுபோல, பொலித்தீனுக்குள் ஈரம் தங்கிச் சான்று கெடும். குளித்துவிட்டாளாயினும், நாட்கள் கடந்துவிட்டனவாயினும், வைத்தியசாலைக்குச் செல்வதைக் கைவிடாதீர்கள். சிகிச்சை பெறுவதற்குப் பொலிஸ் முறைப்பாடு முன்நிபந்தனை அன்று. நேரே வைத்தியசாலைக்குச் செல்லலாம்.

சட்டம் சொல்லுவது

சட்டத்தில் எல்லாக் குறையும் நீங்கிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் இருக்கும் சட்டமே எமது மக்களுக்குத் தெரியாது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வல்லுறவுக்கு 7 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 18 வயதுக்குட்பட்டவள், காவலில் உள்ளவள், கூட்டு வல்லுறவுக்கு ஆளானவள் முதலியோர் விடயத்தில் 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை. உடலிற் காயமில்லை, ஆகையால் அவள் உடன்பட்டாள் என்னும் பழைய வாதத்தையும் அச்சட்டம் தள்ளியது. எதிர்த்துப் போராடியதற்குக் காயம் முதலிய சான்று இன்றியமையாததன்று என்று 363ஆம் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகக் கூறுகின்றது. பாதிக்கப்பட்டவளின் பெயரையோ அவளை இன்னாரென்று காட்டும் விவரத்தையோ அச்சிட்டு வெளியிடுவதும் குற்றமாகும். படத்தோடு செய்தி வெளியிடும் ஏடுகள் இதனைக் கவனிப்பனவாக.

குற்றத்தாற் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015ஆம் ஆண்டில் 4ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பிள்ளைகள் விடயத்தில், 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் முதல் விசாரணையை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் முன்வைக்க வழிசெய்தது. ஒருமுறை சொன்னாற் போதும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்துக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

பிறரும் நாமும்

இவ்வழியிற் பிறநாட்டார் முன்னே சென்றிருக்கின்றனர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் புனித மரியாள் வைத்தியசாலையில் 1986ஆம் ஆண்டில், பரிசோதனையும் சிகிச்சையும் ஆலோசனையும் ஒரே இடத்திற் கிடைக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எம்மவர் பலர் குடியேறி வாழும் மலேசியாவில், 1990களின் நடுப்பகுதியிற் கோலாலம்பூர் வைத்தியசாலையில் அத்தகைய நிலையம் தொடங்கிற்று. 1996ஆம் ஆண்டில் அரச வைத்தியசாலைகள் அனைத்தும் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டன. தென்னாபிரிக்காவிற் கேப்டவுன் நகரின் ஏழைமக்கள் வாழும் பகுதியொன்றில் 2000ஆம் ஆண்டில் 'துதுசேலா' நிலையம் எழுந்தது. கோசா மொழியில் அச்சொல்லுக்கு ஆறுதல் என்பது பொருள். அங்கே வைத்தியரும் விசாரணையாளரும் அரச வழக்குத்தொடுநரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இயங்குகின்றனர்.

எமது நாட்டிலும் வித்து இல்லாமலில்லை. அரச வைத்தியசாலைகளிற் சிங்களத்தில் 'மிதுரு பியச' என்றும் தமிழில் 'நட்பு நிலையம்' என்றும் வழங்கும் நிலையங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களிற் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவருக்குரிய உத்தியோகத்தரும் இருக்கின்றனர். பொலிஸாரிடம் சிறுவர் பெண்கள் பிரிவு உண்டு. வழக்குச் செலவுக்கு வழியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. 1938 என்னும் இலக்கத்திற் பெண்களும், 1929 என்னும் இலக்கத்திற் பிள்ளைகளுக்காக எவரும் தொலைபேசியில் முறையிடலாம். வித்து உண்டு, நிலம் உண்டு, நீரும் உண்டு. கூட்டம் ஒன்றுதான் கூடவில்லை.

எமது பிரதேசத்திற் செய்யத்தக்கது

ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் இக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு கிராமத்திலும் தெரிந்திருக்க வேண்டும். வாக்குமூலம் எடுக்க வைத்தியசாலையிலோ பொலிஸ் நிலையத்திலோ கதவடைக்கத்தக்க ஓர் அறை வேண்டும். முதல் வாசலிலிருப்பவர் அவளுடைய பெயரையும் உடனடித் தேவையையும் மாத்திரம் கேட்டல் வேண்டும். நிகழ்ச்சியைக் கேட்பது அதற்குப் பயிற்றப்பட்டவரின் கடமை. எங்கு சென்றாலும் அவளோடு உடன்செல்ல ஒரு பெண் வேண்டும். தொடங்கியது முதல் தீர்ப்பு வரை அவள் ஒருத்தியே துணையாயிருப்பாளாயின், அதுவே இக்குழுவின் உயிர்நாடி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுடைய விருப்பமே குழுவை நடத்தவேண்டும். வயதுவந்த பெண் முறைப்பாடு செய்ய இன்று விரும்பாவிடின், அவளைச் சிகிச்சையின்றித் திருப்பி அனுப்புதல் ஆகாது. தெரிந்திருக்க வேண்டியவர் தவிர வேறெவருக்கும் விவரம் செல்லலாகாது. கிராமத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உறவினர். குழுவின் உறுப்பினர் ஒருவர் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு உறவினராயின், அவர் அவ்விடயத்திலிருந்து விலகவேண்டும். இந்த ஒரு விதி தவறினால், முதலாவது பெண்ணோடு இக்குழுவின்மீதுள்ள நம்பிக்கை முடிந்துவிடும்.

கிராமம் செய்யத்தக்கதும் உண்டு. நள்ளிரவில் வைத்தியசாலைக்குச் செல்ல நம்பத்தகுந்த ஒரு முச்சக்கரவண்டியும் அதற்கான சிறு நிதியும் வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து அதனைத் தாங்கலாம். வழக்குத் தவணை அறுவடை நாளில் வந்துவிட்டால், அவள் குடும்பத்தின் வயலை அயலவர் அறுத்துக் கொடுக்கலாம். இவை சிறியனவாகத் தோன்றும். ஆயின் பஸ் கட்டணத்துக்கு வழியின்றியும், நாட்கூலியை இழக்க முடியாமலும் கைவிடப்பட்ட வழக்குகளை நாம் அறிவோம்.

மானமும் இணக்கமும்

இங்கே ஒரு பெரியவர் எழுந்து, "குடும்ப மானம் என்னாவது? பேசி இணக்கமாக முடித்துவிடலாமே" என்று கேட்கக்கூடும். இணக்கம் என்று எதைச் சொல்லுகின்றோம்? சில ஆயிரம் ரூபா. அல்லது அவனுக்கே அவளை மணமுடித்து வைத்தல். வல்லுறவு சமாதானமாக முடித்துக்கொள்ளத்தக்க குற்றமாகச் சட்டத்தில் இடம்பெறவில்லை. பின்னால் நிகழும் திருமணம் குற்றத்தை அழிப்பதுமில்லை. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காக்கக் கைமாறு வாங்குவதே ஒரு குற்றமாகும். கைதொடுவானேன் என்று அஞ்சிய பெண்ணை, வாழ்நாள் முழுதும் அவன் கையிலேயே பிடித்துக் கொடுப்பதை மானம் என்று எவ்வாறு சொல்லுவது? அடுத்த வீட்டுப் பெண்ணிடமும் அவன் செல்லத் துணிவு தருவது அந்த இணக்கமே.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, தடுப்புக்காவலில் ஆண்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானதைப் பதிந்தது. எமது வீடுகளில் அவர்களும் மௌனமாக வாழ்கின்றனர். குழுவின் கதவு அவர்களுக்கும் திறந்திருத்தல் வேண்டும்.

அரசியலுக்கு ஒரு சொல்

அரசியல் வேலை செய்வோர் என்ற முறையில், எம்மை நோக்கியே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கின்றோம். 1996 செப்டெம்பரிற் செம்மணிச் சோதனைச் சாவடியில் ஒரு பாடசாலை மாணவியும், அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இற் கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று படையினரைக் குற்றவாளிகளெனக் கண்டது. 2015 மே மாதத்திற் புங்குடுதீவில் மற்றொரு மாணவி கொல்லப்பட்டாள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. முன்னையதிற் குற்றம் செய்தோர் சீருடை அணிந்தவர். பின்னையதிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டோரில் எம்மவரே இருந்தனர். இரண்டு முறையும் தமிழ்ச் சமூகம் கொதித்தெழுந்தது. 2015இல் நீதிமன்றக் கட்டடத்தின்மீதே கல் விழுந்தது. இளைஞர் பலர் கைதாகினர்.

இரண்டு முறையும் நாம் எழுந்தது அவள் இறந்தபின். உயிரோடு வந்து கதவைத் தட்டுபவளுக்காக நாம் என்ன செய்தோம்? சீருடைக்காரன் செய்த குற்றத்துக்குப் பதாகை பிடிக்கும் நாம், உறவினன் செய்த குற்றத்துக்கு இணக்கம் பேசுகின்றோம். இருவிதத்திலும் அவளுடைய துன்பம் அவளுக்குரியதாக இருக்கவில்லை. முன்னையதில் அது எமது கொடியாயிற்று, பின்னையதில் எமது இரகசியமாயிற்று.

உரிமைப் போராட்டத்தைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் எழுத்தில் வழங்கிய பொலிஸ் அதிகாரம் இன்றுவரை மாகாணத்திடம் வரவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கியிருந்தும், தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிட்ட பெண்கள் இருக்கின்றனர். மொழியுரிமை என்று மேடைகளில் முழங்கினோமே, அதன் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது. அவளுடைய சொல் அவளுடைய மொழியிலேயே எழுதப்படவேண்டும். எழுதியது அவளுக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் ஒவ்வொரு நிலையத்திலும் எந்நேரமும் இருக்கவேண்டும் என்று கேட்பது எமது அரசியலின் முதல் வரிசைக் கோரிக்கையாதல் வேண்டும்.

ஆயின், அதிகாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்கு எந்தத் திருத்தச் சட்டமும் தேவையில்லை. இக்கூட்டத்திலேயே ஆசிரியர் இருக்கின்றீர்கள், குடும்பநல மாது இருக்கின்றார், கிராம அலுவலர் இருக்கின்றார், கமக்காரர் அமைப்பின் தலைவர் இருக்கின்றார். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள். அதே கிழமையில் இதற்கும் ஒரு நாள் குறியுங்கள். பிரதேச செயலாளருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். எழுதித்தர நாம் இருக்கின்றோம். வைத்தியசாலையையும் பொலிஸ் நிலையத்தையும் அழையுங்கள். வழக்கு நாட்களில் ஊதியமின்றி அவள்பக்கம் நிற்க எமது தொழிலைச் சேர்ந்தோரைத் திரட்டும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம்.

இன்றிரவு எங்கோ ஒரு வீட்டில், சொல்வதா விடுவதா என்று ஒருத்தி விழித்திருக்கலாம். அவள் நாளைக் காலையில் எந்த வாசலைத் தட்டுவாள் என்று எமக்குத் தெரியாது. எந்த வாசலைத் தட்டினாலும், அவளை நம்பும் ஒருவர் அதைத் திறக்கவேண்டும். அவள் ஒருமுறை சொன்னாற் போதும் என்ற நிலை அங்கே இருக்கவேண்டும். அந்த ஒழுங்கைச் செய்யாமல் இம்மண்டபத்திலிருந்து நாம் கலைந்து போகலாகாது.